சிங்கராஜாவில் கண்ட மரம் திறவுகோலுக்குள்ள வரேல்ல. புது இனமா எண்டு எப்படிப் பாக்கிறது?

பாலைநிழல், வவுனியா

சிங்கராஜா மழைக்காட்டு விளிம்பில அனுமதியோட நடக்கிற மரக் கணக்கெடுப்புக்கு இங்கயிருந்தும் ஆக்கள் போயிருக்கிறம். அதில ஒரு மரம் பிடிபடுதில்லை. உயரம் 9 மீற்றர் வரும், நெஞ்சுயரத்தில விட்டம் 14 சென்ரிமீற்றர். இலை ஒன்றுவிட்டொன்று. பூ அடிமரத்திலயே கொத்தாய் வருது, இதழ் மூண்டு மூண்டாய் ரெண்டு வட்டம். சீத்தாக் குடும்பம் எண்டு நினைக்கிறன். இலங்கைத் தாவரங்களின்ர திருத்திய கைநூலில இருக்கிற திறவுகோலோட (பண்பு பண்பாய்ப் பார்த்து இனத்தைக் கண்டுபிடிக்கிற அட்டவணை) ஒத்துவருதில்லை. கையில படங்களும் காய்ஞ்ச இலைக்கொப்பு ஒண்டும்தான் இருக்கு. இதை வைச்சே பெயர் வைக்கலாமா? டி.என்.ஏ. பார்க்க வேணுமா?

வீரையடி, நெடுங்கேணி

தம்பி, படத்தை வைத்துப் பெயர் வைக்க ஏலாது. 2007 முதல் மர இனமொன்றுக்கு வகைமாதிரி (பெயருக்கு ஆதாரமாக வைக்கும் மாதிரி) உண்மையான உலர்மாதிரியாகவே இருக்கவேண்டும். பூ இல்லாத இலைக்கொப்பு கணக்கெடுப்புக்குக் காணும். சீத்தாக் குடும்பத்தில் பூவும் காயும் இல்லாமல் சாதியை (பேரினத்தை) பிரிப்பதே கரைச்சல். கணக்கெடுப்பு அனுமதியில் மாதிரி வெட்டலாம் என்று இருக்கிறதா என்பதை முதலில் வாசியுங்கள். பெரும்பாலும் இருக்காது, தனியாக எடுக்க வேண்டும்.

பூக்கும்போது ஒரே மரத்தில், ஒரே நாளில், ஒரே சேகரிப்பு எண்ணில் குறைந்தது 3 படி எடுங்கள். ஒன்று ஹோலோடைப் (பெயருக்கான மூல வகைமாதிரி), மற்றவை ஐசோடைப் (அதன் படிகள்). தாள் ஏறத்தாழ 42 × 28 சென்ரிமீற்றர். இலை நீளமென்றால் மடியுங்கள், நுனியை வெட்டாதீர்கள். ஒரு இலையாவது முதுகுப்பக்கம் தெரியக் கிடக்கட்டும். அடிமரப் பூவைக் கையால் பிடுங்கினால் காம்பும் பூவடிச் செதிலும் மரத்திலேயே நின்றுவிடும். பட்டைத்துண்டோடு சீவி எடுங்கள். சில பூக்களை 70% மதுசாரத்தில் போடுங்கள். காயொன்றை நெடுக்காகவும் இன்னொன்றைக் குறுக்காகவும் வெட்டுங்கள்.

மழைக்காட்டில் சேகரிப்பைக் கெடுப்பது பூஞ்சணம்தான். ஆவணியில் வன்னியில் கடதாசி மாற்றிமாற்றி நிழலில் வைத்தே காயப்போடலாம். சிங்கராஜாவில் அப்படி வைத்தால் இலை கணுவோடு கழன்று கொட்டும். அன்றைக்கே உலர்த்தி கிடைக்காவிட்டால், பத்திரிகைத்தாளில் மடித்த கட்டைப் பொலித்தீன் பையில் இட்டு, 70% மதுசாரம் நன்றாக ஊற விட்டு, காற்றுப் போகாமல் கட்டுங்கள். சில கிழமை தாங்கும். பாமசியில் வாங்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட் போதும். நிறம் போய் இலை கபிலமாகும், டி.என்.ஏ.யும் கெட்டுப்போகும். அதனால் மதுசாரம் ஊற்றுவதற்கு முன்பே இளம் இலையைக் கிழித்துச் சிலிக்கா ஜெல்லில் போட்டுவிட வேண்டும்: இலை 5 கிராமுக்கு ஜெல் 50 கிராமுக்குக் குறையக்கூடாது. பிறகு உலர்த்தியில் 60 பாகைக்கு மேல் சூடேற்றாதீர்கள்.

காய்ந்தால் தெரியாமல் போவதையெல்லாம் அங்கேயே எழுதுங்கள்: பூவின் நிறம், மணம், பட்டை வெட்டின் நிறம், பால் வடிகிறதா. ஆள்கூற்றோடு அது எந்த அளவீட்டு முறையில் எடுத்தது என்பதையும் (ஜி.பி.எஸ். என்றால் வழமையாக WGS84) குறியுங்கள், இல்லாவிட்டால் பிறகு மரத்தைத் தேடி அலைய வேண்டிவரும்.

காயாம்பூ, மாங்குளம்

திறவுகோலில வராதது எல்லாம் புது இனமில்லை. நிழலில நிக்கிற கண்டின்ர இலையும் அடிக்கட்டையில வெடிச்ச தளிரின்ர இலையும் வயசுபோன மரத்து இலையை விட ரெண்டு மடங்கும் இருக்கும். அதை அளந்து "புதுசு" எண்டு எழுதினவை கனபேர். பல கொப்பில பத்து இலையாவது அள. இன்னும் ரெண்டு மூண்டு மரம் தேடு.

பேராதனை தேசிய ஹெர்பேரியத்தில (உலர்மாதிரிக் காப்பகம்) அந்தச் சாதியின்ர எல்லாத் தாளையும் பார். மேற்குத் தொடர்ச்சி மலையில இருக்கிற இனங்களையும் விடாத, அந்தக் காடும் இந்த ஈரக்காடும் உறவுக்காரர். அழிஞ்சதெண்டு எழுதின இனமாயும் இருக்கலாம். குரூடியா செய்லானிக்கா எண்ட மரம் 2012 செம்பட்டியலில (ஆபத்திலுள்ள இனங்களின்ர பட்டியல்) அழிஞ்ச இனம். 2019இல கம்பஹாவில ஒண்டு நிக்கிறதைக் கண்டவை, அதுவும் அதிவேகப் பாதை போற வழியில.

மரம் பெரிசெண்டால் ஆரோ முதலே எழுதியிருப்பினம் எண்டும் நினைக்காத. பிரேசில் அத்திலாந்திக் காட்டில 40 மீற்றர் வளருற டினீசியா மர இனமொண்டுக்கு 2017இலதான் பெயர் வைச்சவை.

குளக்கட்டு, முத்தையன்கட்டு

டி.என்.ஏ. இல்லாமல் இப்ப ஒரு சஞ்சிகையும் எடுக்காது.

வீரையடி, நெடுங்கேணி

அப்படியில்லை. பெயரிடல் விதிக்கோவை டி.என்.ஏ. கேட்பதேயில்லை. சாதி எதுவென்ற சந்தேகம் இருந்தால் அது உதவும், சில சஞ்சிகைகள் விரும்பும், அவ்வளவுதான்.

விதி கேட்பது வேறு. இலத்தீனிலோ ஆங்கிலத்திலோ விவரணம் அல்லது வேறுபாட்டுக் குறிப்பு. இது 2012 முதல். 1935 முதல் 2011 வரை இலத்தீன் மட்டும். தமிழிலும் எழுதலாம், ஆனால் தமிழ் மட்டும் இருந்தால் பெயர் செல்லாது. ஹோலோடைப் அல்லது டைப் என்ற சொல்லும், அது இருக்கும் ஹெர்பேரியத்தின் பெயரும் அச்சில் வரவேண்டும். இந்த ஒரு வரி விடுபட்டு, நல்ல கட்டுரையின் பெயரே செல்லாமல் போனதுண்டு. பேஸ்புக், பத்திரிகைச் செய்தி எதுவும் வெளியீடாகாது. மின்வெளியீடென்றால் ஐ.எஸ்.எஸ்.என். அல்லது ஐ.எஸ்.பி.என். உள்ள பி.டி.எஃப். வேண்டும்.

என் கண்ணுக்கு வேறுபாட்டுக் குறிப்புத்தான் கட்டுரையின் உயிர். "இலை பெரியது" என்று எழுதாதீர்கள். கிட்டிய இனத்தின் பெயரைச் சொல்லி, பூக்காம்பு எத்தனை மில்லிமீற்றர், இதழ் எவ்வளவு, சூலக இலை (பூ நடுவிலுள்ள பெண் உறுப்பு) எத்தனை என்று இரண்டுக்கும் எதிரெதிரே எண் கொடுங்கள். இரண்டு வீச்சும் ஒன்றின்மேல் ஒன்று ஏறினால் அந்தப் பண்பை விட்டுவிடுங்கள்.

காய்ந்த பூவைக் கொதிநீரில் சில நிமிடம் போட்டால் விரியும். கை பழக இங்கேயே உலுவிந்தை இருக்கிறது, அதே குடும்பம். அதன் பூவில் கேசரங்களைக் கழற்றிச் சூலக இலைகளை எண்ணிப் பழகிவிட்டு அந்த மரத்தின் பூவைத் தொடுங்கள்.

பாலைநிழல், வவுனியா

நன்றி அண்ணை, காயாம்பூ அக்காவுக்கும் நன்றி. புது இனமெண்டு வந்தால் "வன்னியென்சிஸ்" எண்டு வைக்கலாமா?

காயாம்பூ, மாங்குளம்

விதி தடுக்காது. ஆனால் மரம் நிக்கிறது சிங்கராஜாவில. பொருந்தாத பெயரெண்டு பிறகு மாத்தவும் ஏலாது: சில்லா பெருவியானா மத்தியதரைக் கடற்கரைச் செடி, பெயரில இண்டைக்கும் பெரு. சாதிப் பெயரின்ர இலக்கணப் பாலுக்கேற்ப முடிவு -என்சிஸா -என்ஸேயா எண்டும் பார்க்க வேணும்.

அதோட, மரம் கொஞ்சம்தான் நிக்குதெண்டால் சரியான ஆள்கூறை அச்சில போடாத. ஹெர்பேரியத் தாளில மட்டும் முழுசாய் எழுது.