கண்டக்டர் மாமா நினைவாக என்ன செய்யலாம்? கபடிக்காரர்கள் யோசனை சொல்லுங்கள்

தேரிக்காட்டான்:

அண்ணாச்சிமார்களுக்கு வணக்கம். நான் திருச்செந்தூர்ப் பக்கம். என் தாய்மாமா போன வருடம் மாரடைப்பில் போய்விட்டார், அடுத்த மாதம் முதல் வருடத் திதி. பெயரைச் சொன்னால் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது, கண்டக்டர் மாமா என்றால் சின்னப் பிள்ளைகூட வீட்டுக்கு வழி காட்டும்.

எங்கள் பக்கத்துக் கபடி வீரர் மணத்தி கணேசன் 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வாங்கி வந்த காலத்தில் எங்கள் பக்கம் ஊருக்கு ஊர் கபடிப் பைத்தியம் பிடித்து அலைந்தார்கள், மாமாவும் அந்தக் கூட்டம்தான். மாவட்ட அணியில் லெஃப்ட் கார்னர், இடது ஓரத்தில் நின்று பிடிக்கிற ஆள். அந்த ஆட்டத்தை வைத்துத்தான் போக்குவரத்துக் கழகத்தில் நடத்துநர் வேலை கிடைத்தது. வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளில் ஒரு போட்டியில் முட்டி ஜவ்வு கிழிந்து ஆட்டம் நின்றுபோனது. அதற்கப்புறம் ஊர்ப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தவர் சாகிற வாரம் வரைக்கும் நிறுத்தவில்லை, யாரிடமும் ஒரு பைசா வாங்கியதும் இல்லை.

இரவு டூட்டி முடிந்து கடைசி வண்டியை டிப்போவில் விட்டுவிட்டு வந்தாலும் காலை ஐந்தரைக்கு மைதானத்தில் நிற்பார். பஸ்ஸில் ஊதுகிற அதே விசில்தான் இங்கேயும். கோடு போடச் சுண்ணாம்பு வாங்கவே மாட்டார், விழுகிற பையனுக்குக் கண்ணில் பட்டால் எரியும் என்று அத்தையின் கோலமாவு டப்பாவைத் தூக்கி வந்துவிடுவார், அதற்கு வீட்டில் நடக்கிற சண்டை தனிக்கதை. வரிசையாக நிற்க வைத்து நகம் பார்ப்பார், வளர்ந்திருந்தால் சட்டைப்பையில் இருக்கும் நகவெட்டியை நீட்டுவார், பேச்சே கிடையாது. ஏழு மணிக்கு வீட்டுக்குப் போய் இரண்டு பெண் பிள்ளைகளுக்கும் ஜடை பின்னிவிட்டு, அத்தை இட்லி எடுத்து வைப்பதற்குள் அவர்களுடைய பள்ளிக்கூட பேக்கைச் சரிபார்த்து, அப்புறம்தான் படுப்பார். ரிப்பன் கட்டுவதில் அத்தையை விட அவர் கை சுத்தம்.

இப்போது பிரச்சினை என்னவென்றால், பையன்கள் எல்லாரும் சேர்ந்து மாமா நினைவாக மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி நடத்தணும், சுழற்கோப்பை வைக்கணும், முதல் பரிசு ஐம்பதாயிரம் என்று நிற்கிறார்கள். அத்தைக்கு இஷ்டமில்லை. "அவர் பேரைச் சொல்லி ஊர் ஊரா வசூல் பண்ண வேண்டாம்" என்கிறார். நான் நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிறேன். இந்த மாதிரி நினைவுப் போட்டி நடத்தியவர்கள், இல்லை வேறு ஏதாவது செய்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

---

பாடிப்போ_பாண்டி:

தம்பி, எங்கள் ஊரில் ஒரு அண்ணன் நினைவாகப் பொங்கலுக்குப் பொங்கல் போட்டி நடத்துகிறோம், அதனால் சொல்கிறேன். நடத்தலாம், ஆனால் கோப்பை, பரிசுப்பணம் எல்லாம் சின்ன விஷயம். இழுத்தடிப்பது மற்றதுதான்.

முதலில் போலீஸ் அனுமதி. சில இடங்களில் கோர்ட் வரைக்கும் போய்த்தான் அனுமதி வாங்குகிறார்கள். சாதி அடையாளமோ கட்சித் தலைவர் படமோ பனியனில் இருக்கக் கூடாது, குடித்துவிட்டு இறங்கக் கூடாது, டாக்டர் இருக்கணும் என்று நிபந்தனை வரும். இதையெல்லாம் அனுமதி கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் நாமே செய்ய வேண்டியது. 2022ல் பண்ருட்டி பக்கம் எதிரணிக் களத்துக்குள் பாடிப்போன பையன் ஒருவன் களத்திலேயே சுருண்டு விழுந்து இறந்துபோனான், வீடியோ எல்லா போனுக்கும் வந்தது. அதைப் பார்த்த பிறகு ஆம்புலன்ஸ் வந்து நிற்காமல் முதல் விசில் ஊத விடுவதில்லை நான்.

இரண்டாவது எடை. 55 கிலோ ஆட்டம் என்று போட்டால் 58 கிலோ பையன் முந்தின நாளே சாப்பாட்டை நிறுத்தி, தண்ணீர் குடிக்காமல், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வெயிலில் ஓடி, காலையில் எச்சில் துப்பித் துப்பி மெஷினில் ஏறுவான். எடை தேறியதும் நான்கு பாட்டில் தண்ணீர், பிரியாணி, ராத்திரி ஆட்டம். மயங்கி விழாமல் என்ன செய்வான்? உங்கள் மாமா மாதிரி நகம் பார்த்த ஆள் இதைப் பார்த்திருந்தால் போட்ட கோட்டையே அழித்திருப்பார்.

என் யோசனை: எடைக் கணக்கை விட்டுவிட்டு வயதுக் கணக்கில் வையுங்கள். ஆதார் கார்டு பார்த்து 16 வயதுக்குள், பக்கத்து ஊர்கள் மட்டும். பகலில் ஆடட்டும், மின்னொளியும் வேண்டாம், லைட் செட் செலவும் மிச்சம். பரிசாகப் பணத்துக்குப் பதில் ஷூ, முட்டிக் கவசம் கொடுங்கள்.

---

கிளப்_செயலாளர்:

பகல் ஆட்டத்துக்குக் கூட்டம் வராது பாஸ். சுழற்கோப்பை இல்லாமல், ஃபிளெக்ஸ் இல்லாமல் ஊர்க் கபடி நடத்தினால் அடுத்த வருடம் யாருக்கும் ஞாபகம் இருக்காது. பெயர் நிற்கணும் என்றால் மைக்கில் நூறு தடவை பெயர் ஒலிக்கணும்.

---

வடுவூர்_வாத்தியார்:

மைக்கில் நூறு தடவை ஒலித்த பெயர்களைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது, அதனால் செயலாளர் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. எங்கள் ஊரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய ஆண்கள் அணியில் ஆடிய அபினேஷ் வடுவூர்ப் பையன். வடுவூரில் இப்படிப் பையன்கள் வருகிறார்கள் என்றால் யாரோ ஒருவர் விடாமல் மைதானத்தைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

தேரிக்காட்டான் தம்பி, நீங்கள் எழுதியதில் ஒன்று மட்டும் இல்லை. மாமா போன பிறகு காலை ஐந்தரைக்கு அந்த மைதானத்தில் யார் நிற்கிறார்? அதைச் சொல்லுங்கள் முதலில்.

யாரும் இல்லை என்றால், போட்டிக்கு வைத்திருக்கும் பணத்தில் அவரிடம் பழகிய பையன்களில் பொறுமைசாலி ஒருவனை (நல்ல ஆட்டக்காரனாக இருக்க வேண்டியதில்லை) பாட்டியாலாவில் இருக்கும் தேசிய விளையாட்டு நிறுவனத்தின் ஆறு வாரச் சான்றிதழ்ப் பயிற்சிக்கு அனுப்புங்கள். கபடிக்கும் உண்டு. தகுதி, கட்டணம் எல்லாம் வருடா வருடம் அறிவிப்பில் வரும், பார்த்துக்கொள்ளுங்கள். அனுபவம் மட்டும் போதாதா என்பார்கள். போதாது. மண்ணில் வெறுங்காலைப் பிடித்துப் பழகியவன் மேட் (ரப்பர் விரிப்பு) போட்ட களத்தில் ஷூ போட்ட காலைப் பிடிக்கும்போது கை வழுக்கும். மாவட்டத் தேர்வில் நம் பையன்கள் முதல் ஐந்து நிமிடத்தில் திணறுவது அதனால்தான். கணுக்காலைப் பிடித்தவுடன் இழுக்கக் கூடாது, முதலில் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்புறம் தூக்கணும் என்பதை மேட் களத்துக்குத் தகுந்த மாதிரிச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும்.

இன்னொன்று. அரசு விளையாட்டு விடுதிகளுக்கு ஏழாம் வகுப்பிலிருந்தே ஆள் எடுக்கிறார்கள், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் வருடா வருடம் தேர்வு வைக்கிறது. விண்ணப்பம் போட்டுவிடவும் பிள்ளைகளைக் கூட்டிப்போகவும் ஊரில் ஒரு ஆள் இருந்தால் அதுவே பெரிய காரியம். உங்கள் மாமா அதையும் செய்திருப்பார் என்று நினைக்கிறேன்.

---

மாலதி_திருவொற்றியூர்:

எல்லாரும் கோப்பை, மேட் என்று பேசுகிறீர்கள். அத்தையிடம் யாராவது உட்கார்ந்து பேசினீர்களா? வேண்டாம் என்று சொன்னதை மட்டும் எழுதியிருக்கிறீர்கள், என்ன வேண்டும் என்று கேட்ட மாதிரித் தெரியவில்லை. என் அப்பாவும் விளையாட்டு ஆசிரியர்தான். அவர் போன பிறகு வந்தவர்கள் எல்லாரும் மைதானத்தைப் பற்றியே பேசினார்கள். அம்மாவுக்கு அது பெருமைதான், ஆனால் வீட்டுக்குள் அவர் எப்படி இருந்தார் என்று ஒருத்தரும் கேட்கவில்லையே என்று ரொம்ப நாள் குறைப்பட்டுக்கொண்டிருந்தார்.

அந்த இரண்டு பெண் பிள்ளைகளும் கபடி ஆடுவார்களா? சென்னை கண்ணகி நகர் கார்த்திகா அதே பஹ்ரைன் போட்டியில் பெண்கள் அணியில் தங்கம் வாங்கி வந்ததும் எங்கள் தெருவில் அம்மாமார்களே வந்து எங்கே சேர்க்கலாம் என்று கேட்கிறார்கள். பெண் பிள்ளைகளுக்கு நேரமும் இடமும் ஒதுக்கிக் கொடுத்தால் அதை விட வேறு என்ன நினைவுச்சின்னம் வேண்டும்?

---

தேரிக்காட்டான்:

எல்லாருக்கும் நன்றி. வடுவூர் வாத்தியார் கேட்டதற்குப் பதில்: ஐந்தரைக்கு யாரும் நிற்பதில்லை. ஆடி மாதக் காற்றுக்குத் தேரிக்காட்டுச் செம்மணல் வந்து மூடி, முள்ளும் முளைத்துக் கிடக்கிறது. பெரிய பையன்கள் சாயங்காலம் அவர்களாக ஆடிக்கொள்கிறார்கள், சின்னவர்கள் வருவதே இல்லை. எழுதும்போது அது எனக்கு உறைக்கவே இல்லை பாருங்கள். விடுதி விஷயமும் சரிதான், லீவு போட்டுவிட்டு நான்கு பையன்களைத் தேர்வுக்குக் கூட்டிப்போவார், அதில் ஒருத்தன் இப்போது போலீஸில் இருக்கிறான்.

மாலதி அக்கா சொன்ன பிறகு நேற்று ராத்திரி அத்தையிடம் போய் உட்கார்ந்தேன். போட்டியைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை, மாமாவைப் பற்றித்தான் கேட்டேன். முட்டி போன சமயத்தில் ஒரு மாதம் வீட்டிலேயே படுத்துக்கிடந்தாராம், அப்போதுதான் மூத்தவளுக்குத் தலை பின்னப் பழகினாராம், நூலில் பின்னிப் பார்த்துப் பழகினாராம். எனக்கு இது தெரியாது. வெகுநேரம் பேசினார். கடைசியில் அவராகவே சொன்னார்: வசூல் வேண்டாம், அவர் பி.எஃப். பணத்தில் கொஞ்சம் நான் தருகிறேன், மைதானத்தைச் சுத்தம் பண்ணுங்கள், சின்னவள் ஆடணும் என்கிறாள், அவளுக்கும் அவள் கூட்டாளிகளுக்கும் காலையில் சொல்லிக்கொடுக்க ஆள் பாருங்கள்.

சின்னவள் எட்டாம் வகுப்பு. அவள் அப்பாவிடமே ஆடணும் என்று கேட்டதுண்டாம், "முதலில் பத்து தண்டால் எடு" என்று சொல்லிவிட்டாராம். இப்போது இருபது எடுக்கிறாள்.

பையன்களில் ஒருத்தன், பழைய ரைட் கவர் (வலது பக்கம் நின்று பிடிக்கிறவன்), பாட்டியாலா போகத் தயார் என்கிறான். அதுவரைக்கும் வாரத்தில் மூன்று நாள் அவனே காலையில் வருவதாக ஏற்பாடு. 16 வயதுக்குள் பகல் போட்டி பொங்கல் லீவில் வைக்கிறோம், பாண்டி அண்ணே, அப்போது உங்களைத் தொந்தரவு பண்ணுவேன். இப்போதைக்கு ஒரு சந்தேகம், பெண் பிள்ளைகளுக்குக் கோடு எந்த அளவில் போடணும்? மாமா போட்டது ஆண்களுக்கான 13க்கு 10 மீட்டர்.

---

பாடிப்போ_பாண்டி:

பெண்களுக்கும் ஜூனியர் பெண் பிள்ளைகளுக்கும் 12க்கு 8. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் சப்-ஜூனியர், அவர்களுக்கு 11க்கு 8 போதும். மணலை வெறுமனே கூட்டித் தள்ளாதே தம்பி, மேல்மண்ணைக் கொத்திச் சலித்து, கல் பொறுக்கி, மரத்தூள் கலந்து, தண்ணீர் தெளித்து ஒரு ராத்திரி விடு. பொங்கல் தேதி முடிவானதும் போடு, நடுவர்கள் இரண்டு பேரை நான் கூட்டி வருகிறேன், பஸ் காசு மட்டும் கொடுத்தால் போதும்.

---

கிளப்_செயலாளர்:

சரி, ஃபிளெக்ஸ் ஒன்றாவது வையுங்கப்பா. செலவு என்னுடையது. பேர் போடாமல் கண்டக்டர் மாமா என்றே போடலாம்.