ஸ்டாண்டர்டு ஹெரால்டு: முன் காயில் ஸ்பிரிங்கை எப்படிக் கழற்றுவது?

திருச்சி_ஹெரால்டு

வணக்கம். வண்டி 1970 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு, நாலு கதவு, 948 சிசி. முன்னால் டிரைவர் பக்கம் இறங்கி நிற்கிறது. சமதளத்தில் காலி வண்டியை நிறுத்தி, வீல் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்தேன். இடதை விட வலது 22 மி.மீ. குறைவு. டயர் காற்று இரண்டிலும் ஒன்றுதான். புது ஸ்பிரிங் ஒரு ஜோடியும் ஷாக் அப்சார்பர் (ஷாக்) ஒரு ஜோடியும் கையில் இருக்கின்றன.

"லோயர் ஆர்முக்கு (வீலைத் தாங்கும் கீழ்க் கை) ஜாக்கி கொடுத்து, மேலே நடு நட்டைக் கழற்றி, ஜாக்கியை மெதுவா இறக்கினா ஸ்பிரிங் தானா வந்துடும்" என்று பட்டறையில் சொல்கிறார்கள். இது சரியா? திருகை இறுக்கி ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும், கொக்கி வைத்த ஸ்பிரிங் கம்ப்ரஸர் வாடகைக்குக் கிடைக்கிறது. அது போதுமா?

டரட்_நட்டு

வண்டியில் இருக்கும்போது அந்த நடு நட்டைத் தொடவே தொடாதீர்கள் சார். பட்டறையில் சொன்னது வேறு வகை வண்டிக்கான முறை. எம்ஜிபி (பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) மாதிரி வண்டிகளில் ஸ்பிரிங் தனியாக, லோயர் ஆர்முக்கும் கிராஸ்மெம்பருக்கும் (குறுக்குச் சட்டம்) நடுவில் உட்கார்ந்திருக்கும். அங்கே ஸ்பிரிங் தட்டின் போல்ட்டுகளில் எதிரெதிர் மூலையில் இரண்டை எடுத்துவிட்டு, நீளமான போல்ட்டு போட்டுத் தட்டைச் சிறிது சிறிதாக இறக்குவார்கள். ஹெரால்டில் ஸ்பிரிங் ஷாக்கின் மேலேயே மாட்டியிருக்கிறது. ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடித்திருப்பது ஷாக் கம்பியும் அதன் உச்சியில் உள்ள அந்த நடு நட்டும்தான். அதைக் கழற்றினால் பூட்டையே திறந்துவிட்டதாக அர்த்தம்.

எவ்வளவு பலம் என்று ஒரு கணக்குக்குப் பாருங்கள். இன்ச்சுக்கு 150 பவுண்டு தாங்கும் ஸ்பிரிங் 4 இன்ச் அமுங்கி நின்றால் 600 பவுண்டு, அதாவது சுமார் 270 கிலோ. அது ஒரே நொடியில் விரிந்தால், 14 கிலோ இரும்பு ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். அது முகத்துக்கு நேராக வரும்.

ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த யூனிட்டை முழுசாக வெளியே எடுப்பதுதான் முறை. முதல் நாள் இரவே ஷாக்கை ஆர்மோடு பிணைக்கும் கீழ் போல்ட்டுக்கும் மேலே உள்ள மூன்று நட்டுக்கும் துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். பின் வீல்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, முன்பக்கம் இரண்டு வீலையும் சேர்த்துத் தூக்கி, சேஸின் நடு நீளச் சட்டங்களுக்கு அடியில் ஸ்டாண்டு வையுங்கள். ஓரத்துக் கிளைச் சட்டங்களில் வைக்க வேண்டாம், அவைதான் முதலில் துருப்பிடிக்கும். ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் ஆன்டி-ரோல் பார் (இரண்டு பக்க ஆர்மையும் இணைக்கும் கம்பி) முறுக்கிக்கொண்டு ஆர்மைத் தள்ளும், போல்ட்டு வராது.

ஆர்ம் முழுசாகத் தொங்கும்போது ஸ்பிரிங்கின் பலம் யூனிட்டுக்குள்ளேயே அடைந்திருக்கும், கீழ் போல்ட்டில் வராது. ஷாக் கம்பியோ கீழ்க் கண்ணோ (கீழ் போல்ட்டு நுழையும் வளையம்) உடைந்திருந்தால் இந்தப் பேச்சே செல்லாது. அதனால் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். உடைந்திருந்தால் கம்ப்ரஸரை வண்டியில் இருக்கும்போதே மாட்டிவிட வேண்டும்.

கீழ் போல்ட்டைக் கழற்றுங்கள். புஷ்ஷின் (கீழ்க் கண்ணுக்குள் உள்ள ரப்பர்) இரும்புக் குழாயோடு அது ஒட்டிப்போயிருப்பது சகஜம். கேஸ் கொண்டு சுட வேண்டாம், ரப்பர் போய்விடும். போல்ட்டுத் தலையை ஸ்பானரால் முன்னும் பின்னும் திருப்பித் திருப்பி இளக்குங்கள். பிறகு மேலே டரட்டில் (யூனிட்டின் உச்சி மாட்டியிருக்கும் சேஸ் கோபுரம்) நடு நட்டைச் சுற்றியுள்ள மூன்று நட்டுகள். பானெட் மட்கார்டோடு சேர்ந்து முன்னால் சாய்வதால் கை தாராளமாகப் போகும். அவை 5/16 யூஎன்எஃப் (இன்ச் அளவு மரை), அரை இன்ச் ஸ்பானர். 12 மி.மீ. ஸ்பானர் உள்ளேயே போகாது, 13 போட்டால் முனை மழுங்கும். மூன்றும் வந்ததும் ஆர்மைக் கீழே அமுக்கினால் யூனிட் நழுவி வந்துவிடும்.

ஒன்றை மறக்காதீர்கள். ஆர்ம் எவ்வளவு இறங்கலாம் என்று தடுத்து நிறுத்துவதே ஷாக்தான். அதை எடுத்ததும் ஆர்ம் வழக்கத்தை விடக் கீழே போய் பிரேக் ஹோஸை இழுக்கும். எடுத்த கையோடு ஆர்முக்கு அடியில் ஒரு கட்டை வையுங்கள்.

லேத்_முனை

யூனிட் வெளியே வந்த பிறகுதான் நிஜமான ஆபத்து. ஹெரால்டு ஸ்பிரிங் விட்டம் சின்னது. இன்றைய கார்களுக்குச் செய்த கொக்கி அதன் கம்பி வளைவுக்குச் சரியா உட்காராது, பாதி சுற்றைக் கவ்விக்கொண்டு சறுக்கும். வாடகைக் கொக்கியை யூனிட்டில் மாட்டி, கால் வாசி இறுக்கியதும் நிறுத்திப் பாருங்க. நாலு கொக்கி நுனியும் கம்பியை முழுசா கவ்வியிருக்கணும், இரண்டு திருகும் சரியா எதிரெதிரே நிற்கணும். ஸ்பிரிங் வாழைப்பழம் மாதிரி ஒரு பக்கம் வளைய ஆரம்பிச்சா அந்தக் கம்ப்ரஸர் வேண்டாம்.

என் யோசனை: யூனிட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, சுவரில் பொருத்திய கம்ப்ரஸர் உள்ள சஸ்பென்ஷன் பட்டறைக்குப் போயிடுங்க. புது ஸ்பிரிங், ஷாக், ரப்பர் எல்லாத்தையும் கூடவே கொண்டு போங்க.

நீங்களே செய்வதானால் திருகுக்கு எண்ணெய் விட்டு, இரண்டையும் அரைச் சுற்று அரைச் சுற்றாக மாற்றி மாற்றி, கை ஸ்பானரால் மட்டும் இறுக்குங்க. காற்றில் ஓடும் இம்பாக்ட் கன் கூடாது. ஸ்பிரிங்கைச் சுற்றி ஒரு சங்கிலி. யூனிட்டின் முனை ஆள் இல்லாத சுவரைப் பார்த்து இருக்கட்டும். மேல் தட்டைக் கையால் திருப்பிப் பாருங்க. லேசாகச் சுற்றினால் போதும், அதுக்கு மேல் அமுக்க வேண்டாம். அப்புறம்தான் கம்பி நுனியைப் பிடிச்சுக்கிட்டு லாக் நட்டு, அடுத்து நட்டு. வாஷரும் ரப்பரும் எந்த வரிசையில் வருதுன்னு போனில் படம் எடுத்துக்கங்க.

புது ஷாக்கை மாட்டும் முன் நிமிர்த்திப் பிடிச்சு ஆறேழு தடவை முழுசா இழுத்து அமுக்குங்க, உள்ளே உள்ள காற்று போகும். ஸ்பிரிங்கின் வெட்டு முனை தட்டில் அதுக்குரிய இடத்தில் உட்கார்ந்திருக்கான்னு பார்த்துவிட்டு கம்ப்ரஸரை அதே அரைச் சுற்றுக் கணக்கில் தளர்த்துங்க.

ட்ரனியன்90

22 மி.மீ. அளவையே மறுபடி எடுங்கள். ஹெரால்டில் முன் மட்கார்டு பானெட்டோடு சேர்ந்த ஒரே துண்டு. பானெட் கோணலாக உட்கார்ந்தாலே அந்த அளவு மாறிவிடும். இரண்டு பக்கமும் சேஸில் ஒரே இடத்திலிருந்து தரை வரை அளந்து பாருங்கள். ஸ்பிரிங்தான் காரணமா என்று தெரிய, பழைய ஸ்பிரிங் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி உயரம் பாருங்கள். உயரம் ஒன்றாகவே இருந்தால், பின்னால் குறுக்கே போகும் லீஃப் ஸ்பிரிங்கையும் சேஸையும் சந்தேகப்படுங்கள். அந்த நிலையில் புது ஸ்பிரிங் போட்டும் வண்டி சாய்ந்தேதான் நிற்கும்.

எதுவானாலும் இரண்டு பக்கமும் ஜோடியாகவே மாற்றுங்கள்.

வீல் கழன்றிருக்கும்போதே கீழ் ட்ரனியனை (வீல் திரும்ப உதவும் மரை மூட்டு) கவனியுங்கள். அதற்குக் கிரீஸ் அல்ல, ஈபி 90 கியர் ஆயில். கிரீஸ் கெட்டியாகி மரையின் அடி வரை போகாது. உள்ளே தண்ணீர் நின்று துருவேறி, கடைசியில் வெர்டிகல் லிங்க் (வீலைத் தாங்கும் நிமிர்ந்த தண்டு) மரையோரமாக முறியும். ஓடும்போது முறிந்தால் வீல் படுத்துவிடும். பிளக்கைக் கழற்றி நிப்பிள் போட்டு, பழையது வெளியே வரும்வரை எண்ணெய் ஏற்றுங்கள்.

திருச்சி_ஹெரால்டு

மிக்க நன்றி. சேஸிலிருந்து அளந்தால் வித்தியாசம் 14 மி.மீ.தான், மீதி பானெட் கோணல். யூனிட்டைக் கழற்றிப் பட்டறைக்கே கொண்டு போகிறேன். திரும்ப மாட்டும்போது கீழ் போல்ட்டை எப்போது முழுசாக இறுக்குவது?

டரட்_நட்டு

மேலே மூன்று நட்டையும் உடனே இறுக்கலாம். கீழ் போல்ட்டை மட்டும் கையிறுக்கமாக விட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, முன்பக்கத்தை நாலு தடவை அமுக்கி விட்டு, பிறகு முழுசாக இறுக்குங்கள். ஆர்ம் தொங்கும்போதே இறுக்கினால் புஷ் ரப்பர் அந்த நிலையிலேயே பிடிபட்டு, வண்டி இறங்கியதும் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழியும். அளந்து பார்த்தாலும் உயரம் தப்பாகக் காட்டும்.

இருநூறு முந்நூறு கிலோமீட்டர் ஓடி ஸ்பிரிங் படிந்த பிறகு அலைன்மென்ட் பாருங்கள், அதற்கு முன் பார்ப்பது வீண். உயரம் மாறினால் கேம்பரும் (வீலின் செங்குத்துச் சாய்வு) டோவும் (வீல்கள் முன்னால் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) மாறும். கேம்பரைச் சரி செய்ய லோயர் ஆர்ம் பிராக்கெட்டுக்கும் சேஸுக்கும் நடுவில் ஷிம் தகடுகள் இருக்கும். தகடு கூட்டினால் வீலின் அடிப்பகுதி வெளியே போகும். கழற்றும்போது எந்தப் பக்கம் எத்தனை தகடு இருந்தது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஹெட்லைட் உயரத்தையும் அன்றே பார்த்துவிடுங்கள், மூக்கு தூக்கியதில் வெளிச்சம் எதிரே வருபவர் கண்ணுக்குப் போகும்.