பில்டு ஆகுது, சாட்டைத் திறந்தா ஆப் மூடிக்குது: லைப்ரரி மோதலுக்கு உதவி வேணுங்க

பனியன்_தம்பி (திருப்பூர்):
வணக்கமுங்க. இங்க ஒரு பனியன் கம்பெனியில ஆபீஸ், கட்டிங், ஜாப்ஒர்க் யூனிட்டெல்லாம் பேசிக்கற மெசேஜ் ஆப்பை நான் பார்த்துக்கறேன். ஆண்ட்ராய்டு, கோட்லின். குரல் மெசேஜுக்கு ஓப்பஸ் (குரலைச் சுருக்கற கோடெக்) வெச்ச ஒரு ஏஏஆர் (ஆண்ட்ராய்டு லைப்ரரி ஃபைல்) லிப்ஸ் ஃபோல்டர்ல கிடக்குது. போட்டோ சுருக்கறதுக்கு வேற லைப்ரரி. மெசேஜெல்லாம் எஸ்க்யூஎல்சைஃபர்ல (சாவி போட்டுப் பூட்டுன டேட்டாபேஸ்) இருக்குது.

டார்கெட் எஸ்டிகே 35 (ஆண்ட்ராய்டு 15) ஆக்கி, போட்டோ லைப்ரரியைப் புது வெர்ஷனுக்கு மாத்துனதும் பில்டு நின்னுருச்சு. 'லிப்சி++_ஷேர்டு.எஸ்ஓ'ங்கற சி++ அடிப்படை லைப்ரரி ஃபைல் ரெண்டு எடத்துல இருக்குதாம். ஒரே பேர்ல ரெண்டு ஃபைல் இருந்தா ஒண்ணை மட்டும் எடுக்கச் சொல்ற பிக்ஃபர்ஸ்ட்ஸ் வரி சேர்த்தேன், பில்டு ஆயிருச்சு. ஆனா போட்டோ இருக்கற சாட்டைத் திறந்த உடனே ஆப் மூடிக்குது. லாக்கேட்ல (ஆண்ட்ராய்டு லாக்) வர்றது: 'அன்சாட்டிஸ்ஃபைடு லிங்க் எரர், டிஎல்ஓபன் ஃபெயில்டு, கேனாட் லொகேட் சிம்பல்'. பிளே கன்சோல்ல 16 கேபி பேஜ் சைஸுக்கு (போன் மெமரியைப் பிரிச்சுக்கற துண்டோட அளவு) ஒத்து வரலைன்னு வேற சொல்லுது.

ஜாப்ஒர்க் பீஸ் கணக்கெல்லாம் அந்தப் பழைய மெசேஜ்லதான் இருக்குது. அது போச்சுன்னா பெரிய தகராறாயிரும். எங்க இருந்து ஆரம்பிக்கறதுங்க?

பெருந்துறை_டெவ்:
தம்பி, மொதல்ல பிக்ஃபர்ஸ்ட்ஸ் வரியை எடுத்துப்போட்டு மறுக்கா பில்டு பண்ணுங்க. எரருக்குக் கீழ ரெண்டு நீளமான பாத் வரும். ரெண்டுலயும் லைப்ரரி பேர் இருக்கும். எது எது மோதுதுன்னு அங்கயே தெரிஞ்சுரும்.

பிக்ஃபர்ஸ்ட்ஸ் புதுசு பழசெல்லாம் பாக்காது. மொதல்ல கண்ணுல பட்டதை எடுத்துக்கும். ஆப்புக்குள்ள ஒரே ஒரு லிப்சி++தான் போகும். உங்களுக்குப் பழசு உள்ள போயிருக்குது. புது என்டிகேல (ஆண்ட்ராய்டுக்கு சி, சி++ கோடு பில்டு பண்ற கருவி) செஞ்ச போட்டோ லைப்ரரி தேடற சிம்பல், அதாவது ஃபங்ஷன் பேர், அதுல இல்லை. ஒரே நிறம்னு ரெண்டு லாட் துணியைக் கலந்து தைச்ச கதைதான், பேர் ஒண்ணுன்னாலும் சரக்கு வேற.

போட்டோ லைப்ரரியைப் பழைய வெர்ஷனுக்கு இறக்கிரலாம்னு யாராச்சும் சொல்லுவாங்க. கேக்காதீங்க. ஆண்ட்ராய்டு 15-க்கோ அதுக்கு மேலயோ டார்கெட் பண்ற புது ஆப்பும் அப்டேட்டும் 16 கேபிக்கு ஒத்து வரணும்னு பிளே ஸ்டோர்ல 2025 நவம்பர் 1-லிருந்து விதி. பழைய எஸ்ஓ ஃபைலெல்லாம் பெரும்பாலும் 4 கேபிக்குச் செஞ்சது. ஆக, சரி பண்ண வேண்டியது குரல் ஏஏஆரைத்தான். சோர்ஸ் கையில இருக்குதா?

பனியன்_தம்பி:
நீங்க சொன்னதேதானுங்கண்ணா. ஒரு பாத்துல குரல் ஏஏஆர், இன்னொண்ணுல போட்டோ லைப்ரரி. சோர்ஸ் இருக்குதுங்க.

பெருந்துறை_டெவ்:
அப்ப வேலை சுலபம். ஓப்பஸ் சி மொழியில எழுதுனது, சி++ வர்றது அதைச் சுத்தியிருக்கற ரேப்பர்ல மட்டும்தான். என்டிகே ஆர்28 வெச்சு பில்டு பண்ணுங்க, அதுல 16 கேபி அலைன்மென்ட் தானாவே வரும். சிமேக்ல (பில்டு செட்டிங்) எஸ்டிஎல்-ஐ, அதாவது அந்த சி++ அடிப்படை லைப்ரரியை, ஷேர்டுல இருந்து ஸ்டேட்டிக்குக்கு மாத்திருங்க, தனி ஃபைலா இல்லாம ரேப்பருக்குள்ளயே சேர்ந்துக்கும். ஏஏஆருக்குள்ள லிப்சி++_ஷேர்டு ஃபைலே இருக்காது, மோதலே வராது. ஏஜிபியும் (ஆண்ட்ராய்டு கிரேடில் பிளகின்) 8.5.1 இல்லைன்னா அதுக்கு மேல இருக்கணும்.

முடிச்சதும் ஒவ்வொரு 64-பிட் எஸ்ஓ ஃபைலையும் ஆப்ஜ்டம்ப் (ஃபைலோட உள்ளமைப்பைக் காட்டற கமாண்ட்) போட்டுப் பாருங்க. 'லோட்' வரி எல்லாத்துலயும் அலைன் 2**14 (16 கேபி) இல்லைன்னா அதுக்கு மேல இருக்கணும். 2**12-ன்னு இருந்தா அது பழைய 4 கேபி ஃபைல்.

கோபி_அக்கா:
எஸ்க்யூஎல்சைஃபரை மறந்துராதீங்க தம்பி. 'ஆண்ட்ராய்டு-டேட்டாபேஸ்-எஸ்க்யூஎல்சைஃபர்'ங்கற பழைய பேக்கேஜா இருந்தா அதை நிறுத்திட்டாங்க. அதுக்குப் பதிலா 'எஸ்க்யூஎல்சைஃபர்-ஆண்ட்ராய்டு'. இம்போர்ட் பேரெல்லாம் மாறும். லைப்ரரியை ஏத்தற லோட்லிப்ஸ் வரிக்குப் பதிலா சிஸ்டம்.லோட்லைப்ரரி நீங்களே கூப்பிடணும்.

பழைய மெசேஜ் வெர்ஷன் 4-ல எழுதுனதா இருந்தா அதே சாவியில அப்படியே திறக்கும். வெர்ஷன் 3 காலத்து ஃபைலா இருந்தா 'ஃபைல் ஈஸ் நாட் எ டேட்டாபேஸ்'னு வரும். பயந்துக்கிட்டு அழிச்சுப்போட்டுப் புதுசு உருவாக்கற கோடு எழுதிராதீங்க. ஃபைலை ஒரு காப்பி எடுத்து வெச்சுட்டு, சாவி குடுத்ததும் வேற எதுவும் கேக்கறதுக்கு முன்னாடி பழைய ஃபைலைப் புது வெர்ஷனுக்கு மாத்தற 'பிராக்மா சைஃபர்_மைக்ரேட்' கமாண்டை ஓட்டுங்க.

பனியன்_தம்பி:
அக்கா, அண்ணா, ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றிங்க. ஏஏஆரைப் புதுசா பண்ணி, பிக்ஃபர்ஸ்ட்ஸ் வரியை எடுத்தே போட்டேன். மோதல் இல்லை. எஸ்க்யூஎல்சைஃபரும் மாத்தியாச்சு, ஃபைல் வெர்ஷன் 4-தான், பழைய மெசேஜெல்லாம் அப்படியே வந்துருச்சு. 16 கேபி எமுலேட்டர்ல போட்டோ சாட்டும் குரல் மெசேஜும் ஓடுது. பேக்கிங் செக்‌ஷன்ல நாலஞ்சு பேருக்கு மட்டும் இன்டர்னல் டெஸ்டிங்ல இன்னைக்கு ஏத்தி உட்டிருக்கேனுங்க.

கோபி_அக்கா:
நல்லது தம்பி. அந்த காப்பி ஃபைலை மட்டும் எல்லாருக்கும் அப்டேட் போய்ச் சேர்ற வரைக்கும் வெச்சிருங்க.