தட்டுப்பதம்: தாளச் சண்டைக்கு ஒரு கலைச்சொல்

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். நிகழ்பட ஆட்டங்களுக்கான (வீடியோ கேம்) நம் சொற்பட்டியலில் ‘டைமிங் விண்டோ’, அதாவது பொத்தானை அழுத்தினால் ஆட்டம் ஏற்றுக்கொள்ளும் சிறு பொழுது, என்ற வரி இன்னும் வெறுமையாகவே கிடக்கிறது. ‘நேரச் சாளரம்’ என்று ஒருவரும் ‘கால இடைவெளி’ என்று இன்னொருவரும் எழுதி, இருவருமே பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறீர்கள். அந்த வரிக்கு ‘தட்டுப்பதம்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். இந்தச் சொல் எனக்குக் கைப்பட்ட விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மாதமாக மதர் 3 ஆடிக்கொண்டிருக்கிறேன். 2006 ஏப்ரலில் கேம்பாய் அட்வான்ஸ் என்ற கையடக்க ஆட்டக் கருவிக்காக ஜப்பானில் வெளிவந்த பாத்திரமேற்பு ஆட்டம் அது. கதை ஷிகெசாதோ இத்தோய், இசை ஷோகோ சாகாய். ஜப்பானுக்கு வெளியே அதிகாரபூர்வமாக வரவே இல்லை. 2008-இல் ரசிகர்களே ஆங்கிலத்தில் பெயர்த்தார்கள். சண்டை பார்வைக்கு வழக்கமானதுதான். நம் முறை வந்ததும் தாக்கச் சொன்னால் ஓர் அடி விழும். ஆனால் பின்னணியில் ஓடும் பாட்டின் தட்டுக்குச் சரியாகப் பொத்தானை அழுத்திக்கொண்டே போனால், அந்த ஓர் அடி இரண்டாகும், மூன்றாகும், பதினாறு வரை தொடரும். ஒரு தட்டுத் தவறினால் அங்கேயே அறுந்துவிடும். எப்போது அழுத்த வேண்டும் என்று திரையில் ஒரு கோடும் வராது, புள்ளியும் வராது. எல்லாம் காதின் பொறுப்பு.

நான்காவது அடியைத் தாண்ட எனக்கு மூன்று வாரம் பிடித்தது. முதலில் கண்ணை நம்பினேன். எதிரியின் உருவம் அதிர்வதைப் பார்த்து அழுத்தினேன், தோற்றேன். பிறகு பாட்டைக் கேட்கத் தொடங்கினேன். ஆனால் காது மெட்டின் பின்னால் போயிற்றே தவிர, அடியில் ஓடும் தாளத்தைப் பிடிக்கவில்லை. கம்பியில்லாத ஹெட்போனும் என்னைக் கெடுத்தது. புளூடூத் வழியாக ஒலி காதுக்கு வந்து சேர்வதற்குள் பத்தில் ஒரு நொடியோ அதற்கு மேலோ கடந்துவிடுகிறது. நான் தாளத்தோடுதான் தட்டினேன். ஆட்டத்தின் கணக்கில் அது தாமதம். கம்பியுள்ள ஹெட்போனுக்கு மாறிய அன்றே ஐந்தாவது அடி விழுந்தது.

இந்த ஆட்டத்தில் ஓர் அருமையான ஏற்பாடு இருக்கிறது. டஸ்டர் என்ற திருடனிடம் எதிரியை உறங்க வைக்கும் கருவி ஒன்று உண்டு. எதிரி உறங்கிவிட்டால் பாட்டின் மேல் அதன் இதயத் துடிப்பு கேட்கும். அந்தத் துடிப்புதான் நாம் தட்ட வேண்டிய தட்டு. ஒரு நள்ளிரவில் அதை முதன்முதலாகக் காது கொடுத்துக் கேட்டேன். மூன்று வாரமாகக் குழம்பிக் கிடந்த பாட்டில் எது தாளம், எது அலங்காரம் என்று அப்போதுதான் பிரிந்து தெரிந்தது. அன்று ஒன்பது அடி. தூங்கும் எதிரியின் நெஞ்சைக் கேட்டு அதையே அடிக்கிறோமே என்று மனத்துக்குக் கொஞ்சம் சங்கடமாகவும் இருந்தது. அந்தச் சங்கடத்தையும் நினைத்துத்தான் இதை அமைத்திருப்பார்கள் என்று நம்புகிறேன்.

இனி சொல்லுக்கு வருகிறேன். தட்டு எங்கே என்று தெரிந்த பிறகும் சில நேரம் அறுந்தது. சில நேரம் நானே பிந்திவிட்டேன் என்று உணர்ந்தும் அடி விழுந்தது. ஏனென்றால் ஆட்டம் எதிர்பார்ப்பது ஒற்றைப் புள்ளியை அல்ல. தட்டுக்குச் சற்று முன்னும் சற்றுப் பின்னும் அது ஏற்றுக்கொள்கிறது. திரை நொடிக்கு ஏறத்தாழ 60 சட்டங்களைக் (ஃபிரேம்) காட்டுகிறது. ஒரு சட்டம் 16.7 மில்லிநொடி. இத்தனை சட்டங்களுக்குள் பொத்தான் விழுந்தால் சரி, வெளியே விழுந்தால் தவறு என்று நிரலில் எழுதியிருக்கும். நமக்குப் பெயர் வேண்டியது அந்தச் சிறு பொழுதுக்கு.

‘நேரச் சாளரம்’ எனக்கு ஒப்பவில்லை. கணினித் தமிழில் சாளரம் என்றால் திரையில் திறக்கும் கட்டம் என்று ஊன்றிவிட்டது. அதை இங்கும் போட்டால் படிப்பவர் திரையில் எதையோ தேடுவார். இந்த ஆட்டத்திலோ திரையில் எதுவுமே இல்லை. ‘கால இடைவெளி’ இன்னும் மோசம். அது இரண்டு தட்டுகளுக்கு நடுவே உள்ள வெற்றிடம், அதாவது அழுத்தக்கூடாத நேரம். பொருள் தலைகீழாகிவிடுகிறது.

போன வாரம் வீட்டில் அதிரசம் சுட்டார்கள். அம்மா வெல்லப் பாகைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். ஒரு கிண்ணத் தண்ணீரில் ஒரு சொட்டை விட்டு விரலால் திரட்டிப் பார்த்தார். கரைந்தது. ‘இன்னும் இல்லை’ என்றார். மறுபடி ஒரு சொட்டு. இம்முறை விரலில் மெத்தென்று உருண்டது. உடனே அடுப்பை அணைத்து மாவைக் கொட்டிவிட்டார். ‘இந்தப் பதம் ரொம்ப நேரம் நிற்காது, விட்டால் அதிரசம் கல்லாகிவிடும்’ என்றார். முந்தினால் எண்ணெயில் பிரிந்துபோகும், பிந்தினால் இறுகிப்போகும், நடுவில் சிறிது நேரம் மட்டும் சரி. அடுப்படியில் நின்றபடியே எனக்கு அந்த வெறுமையான வரி நினைவுக்கு வந்தது. தட்டுக்குரிய பதம், தட்டுப்பதம்.

தோழமையுடன்,
உங்களில் ஒருவன்

*

மறுமொழி:

அன்புள்ள தம்பி,

உன் மடலை இரண்டு முறை படித்தேன். நான் இந்த ஆட்டங்களை ஆடியவன் இல்லை. ஆனால் நாற்பது ஆண்டு மிருதங்கம் வாசித்தவன். சொல் நன்றாகவே இருக்கிறது. இருந்தாலும் இரண்டு தடைகளைச் சொல்லியாக வேண்டும்.

ஒன்று, இசையிலும் நாட்டியத்திலும் ‘பதம்’ என்பது ஓர் உருப்படி வகை, அதாவது ஒரு பாடல் வகை. இலக்கணக்காரர்களுக்கு அது சொல். தாளத்தைப் பற்றிய சொல்லிலேயே பதம் என்று வந்தால் எங்களைப் போன்றவர்கள் வேறு எதையோ நினைப்போம். இரண்டு, முந்துவதற்கும் பிந்துவதற்கும் நம்மிடம் பழைய சொற்கள் இருக்கின்றன. பாட்டு தொடங்கும் இடத்தை எடுப்பு என்போம். தாளம் தொடங்கும் முன்பே பாட்டு எழுந்தால் அதீத எடுப்பு, தாளம் தொடங்கிய பின் எழுந்தால் அனாகத எடுப்பு. சிலப்பதிகார உரையில் கொட்டு அரை மாத்திரை, அசை ஒரு மாத்திரை, தூக்கு இரண்டு, அளவு மூன்று என்று கால அளவுகளே பெயரோடு கிடக்கின்றன. ‘கொட்டளவு’ என்று வைத்தால் என்ன? மேள ஒலிகளை வாயால் சொல்லும் எங்கள் சொற்கட்டுகளையும் இந்த ஆட்டக்காரர்கள் ஒரு முறை கேட்டுப் பார்க்க வேண்டும். தகதிமியை வாயால் சொல்லிப் பழகாதவன் கையால் தட்ட முடியாது.

அன்புடன்.

*

மறுமொழிக்கு மறுமொழி:

மதிப்பிற்குரிய ஐயா,

நீங்கள் பதில் எழுதியதில் மிகுந்த மகிழ்ச்சி. முதல் தடையைப் பாதி ஏற்றுக்கொள்கிறேன். பதம் என்று தனியாக எங்கும் எழுத வேண்டாம். எப்போதும் தட்டுப்பதம் என்றே முழுதாக எழுதலாம். தட்டு முன்னால் நிற்கும்போது நாட்டியப் பதம் யாருக்கும் நினைவில் எழாது என்று நினைக்கிறேன்.

இரண்டாவதில் உங்களோடு உடன்பட முடியவில்லை. அதீதமும் அனாகதமும் பிழைகள் அல்லவே ஐயா. பாடகர் தெரிந்தே, கணக்காகச் செய்வது அது. கை தடுமாறிப் பிந்திய என் தட்டுக்கு அந்தப் பெயரைச் சூட்டினால், அந்தச் சொல்லுக்கு நாம் செய்யும் அநியாயம். அவற்றுக்கு வேறு வேலை இருக்கிறது. மதர் 3-இல் முன்பு கேட்ட சண்டைப் பாட்டே பின்னால் தாளம் மாறி வரும். சில பாட்டுகள் நடுவில் வேகம் கூடிக் குறையும். எடுப்பு இடம்மாறி வரும் அத்தகைய பாட்டுகளை விவரிக்க உங்கள் சொற்களே சரி. கொட்டளவு என்றால் கொட்டு எவ்வளவு நேரம் நீள்கிறது என்றுதான் பொருள்படும். எவ்வளவு தவறலாம் என்பது அதில் வரவில்லை.

பதத்துக்கு வினையும் கூடவே வருகிறது, அதுதான் எனக்குப் பெரிய காரணம். பதம் நிற்கும், பதம் தப்பும். ‘இந்த ஆட்டத்தில் தட்டுப்பதம் ஆறு சட்டம் நிற்கும்’, ‘ஹெட்போனை மாற்றியதால் தட்டுப்பதம் தப்புகிறது’ என்று ஓர் எடுத்துக்காட்டுக்கு எழுதிப் பார்த்தேன். யாருக்கும் விளக்கவுரை தேவைப்படாது. ‘சாளரம் நிற்கும்’ என்று எழுத முடியுமா?

சொற்கட்டு என்று நீங்கள் சொன்னது வேறொரு வரியை நிரப்பிவிட்டது. 2007-இல் பிஎஸ்பி என்ற கையடக்க ஆட்டக் கருவிக்கு வந்த பட்டாபொன் என்ற ஆட்டத்தில் நான்கு பொத்தான்கள் நான்கு மேளங்கள். ‘பட்டா பட்டா பட்டா பொன்’ என்று தட்டினால் படை முன்னேறும். ‘பொன் பொன் பட்டா பொன்’ என்றால் தாக்கும். மேள ஒலியே கட்டளைச் சொல். இதற்கு ‘உள்ளீட்டுக் கட்டளைத் தொடர்’ என்று பட்டியலில் எழுதி வைத்திருந்தோம். அதை அடித்துவிட்டுச் சொற்கட்டு என்று மாற்றிவிட்டேன்.

நீங்கள் சொன்னபடி நேற்றிரவு வாயால் சொல்லிக்கொண்டே ஆடினேன். மதர் 3-இல் பழைய எதிரிகளோடு மீண்டும் பழகிப் பார்க்க ஓர் ஏற்பாடு இருக்கிறது. அதில் அரை மணி நேரம். பன்னிரண்டு அடி வந்தது. பதின்மூன்றாவதில் பிந்தினேன், வாயும் கையும் அங்கே பிரிந்துவிட்டன. இப்படி அறாமல் தொடரும் அடிகளை, அதாவது ‘காம்போ’வைத் ‘தொடரடி’ என்று எழுதியிருக்கிறேன். மிருதங்கத்தில் சொற்கட்டுகளைக் கோத்து வாசிப்பதுபோலக் கோர்வை என்று வைக்கலாமா என்ற எண்ணமும் இருக்கிறது. அதைக் கையாள்கிறவர் நீங்கள், நீங்களே சொல்லுங்கள் ஐயா.