மொறிஸ் மைனருக்கு 1சி டீசல்: 4.22 கிறவுணோ, 3.73 கிறவுணோ?

மைனர்65:
வணக்கம். அப்பா ஓடின 1965 மைனர், 1098 எஞ்சின். சிலிண்டர் தேஞ்சு, இனி போர் அடிக்கவும் இடமில்லை. பழைய கொரோலா வாகன் ஒண்டில இருந்த 1சி டீசல் எஞ்சினை (1839 சிசி) அதின்ர 5 கியர் பெட்டியோட வாங்கி வைச்சிருக்கிறன். அனுமதி அலுவல் நடக்குது. இப்ப யோசனை பின்பக்கத்தைப் பற்றி. மைனரின்ர டிபரன்ஷல் 4.22, அதாவது பின்சில்லுகள் ஒருக்காச் சுத்த, கியர் பெட்டியில இருந்து பின்னுக்கு வாற புரொப்பெல்லர் சாப்ட் 4.22 தரம் சுத்தும். ஒருத்தர் வூல்ஸ்லி 1500இன்ர 3.73 கிறவுணும் பினியனும் (டிபரன்ஷலுக்குள்ள இருக்கிற பல்லுச்சில்லுச் சோடி) தாறன் எண்டுறார். சாவகச்சேரியில இருந்து மாசத்தில ரெண்டு தரம் கண்டிக்குப் போய்வாறனான். டீசலுக்கு 3.73தான் சரி எண்டு கன பேர் சொல்லுகினம். போடட்டோ?

வன்னி டிரைவர்:
போடுங்கோ. டீசல் பெற்றோல் மாதிரிக் கூடின சுத்துக்குப் போகாது. கிறவுண் நீளமா (எண் சின்னனா) இருந்தால் அதே வேகத்துக்கு எஞ்சின் குறையச் சுத்தும், சத்தமும் குறையும், எண்ணெயும் மிஞ்சும்.

கராஜ் மாமா:
தம்பி, காசைக் குடுக்க முன்னம் இதை வாசியுங்கோ. என்ர மைனருக்கும் இதே எஞ்சின், இதே 5 கியர் பெட்டி, பின்னால 3.73. ஆனையிறவு வெளியில நல்லாத்தான் ஓடினது. மாத்தளை கழிஞ்சு ஏத்தத்தில, பஸ்ஸுக்குப் பின்னால நிண்டு நிண்டு எடுக்கேக்க, முதல் கியரிலயும் கிளச்சை அரைவாசியில பிடிச்சுக்கொண்டுதான் நகர்த்த வேண்டிக் கிடந்தது. கண்டி போய்ச் சேர கிளச் கருகின மணம். 3.73 போட்டால் முதலாம் கியர் உட்பட எல்லாக் கியரும் நூற்றுக்கு 13 பங்கு நீளும்.

கணக்கைப் பாருங்கோ. 145-14 ரயர் ஒரு சுத்துக்கு 1.85 மீற்றர் உருளும். என்ர பெட்டியில ஐஞ்சாம் கியரைக் கையால சுத்தி எண்ணினனான்: உள்ளுக்கு 13 சுத்து, வெளியால 15. 3.73ஓட மணிக்கு 70 கிலோமீற்றரில எஞ்சின் 2040 சுத்துத்தான். சின்ன ஏத்தம் வந்தாலே முக்கும், நாலுக்கு இறக்க வேணும். நாலில 2350. உங்கட 4.22ஓட ஐஞ்சிலயே 2310 வரும்! நான் காசு குடுத்து மேல ஒரு கியரைச் சும்மா கிடக்கவிட்டு, கீழ முதலாம் கியரைக் கெடுத்துக்கொண்டன். ஏ9 வீதியில காருக்கு 70க்கு மேல ஓட ஏலாது, அந்த வேகத்துக்குத்தான் கியர் பார்க்க வேணும். 3.73ஐக் கழட்டிப்போட்டன்.

முதல்ல உங்கடது 4.22தானோ எண்டு எண்ணிப் பாருங்கோ. இந்த வயசுக் காரில ஆர் எதை மாத்தினதெண்டு தெரியாது. ஒரு பின்சில்லை மட்டும் ஜாக்கில தூக்கி, மற்றச் சில்லுக்குக் கட்டை வைச்சு, கியரை நியூட்ரலில விடுங்கோ. ரயரிலயும் புரொப்பெல்லர் சாப்டிலயும் சோக்கால ஒரு கோடு. மற்றச் சில்லு நிக்கிறதால சாப்ட் பாதிதான் சுத்தும்; 4.22 எண்டால், சில்லை 20 தரம் சுத்த சாப்ட் 42 தரத்துக்குக் கொஞ்சம் கூடச் சுத்த வேணும்.

மைனர்65:
மாமா, மூண்டு தரம் எண்ணினன். 45 சுத்தும் அரையும் வருது. தங்கச்சி சில்லைச் சுத்த, நான் காருக்குக் கீழ படுத்துக்கிடந்து எண்ணினது. பிழைச்சுப்போச்சோ?

கராஜ் மாமா:
பிழைக்கேல்லை. அது 4.55, முந்தின 948 சிசி மைனரில வந்த கிறவுண். 1098க்கு 1962இல தான் 4.22 வந்தது. ஆரோ பழசைத் தூக்கிப் போட்டிருக்கினம். ஐஞ்சில 70க்கு 2490 சுத்து வரும். 1சிக்கு அது நல்ல இழுவை இருக்கிற இடம், கண்டி ஏத்தத்துக்கு இன்னும் நல்லம். சத்தம் கரைச்சலா இருந்தால் பிறகு 4.22 தேடுங்கோ, 3.73 வேண்டாம். அந்தக் காசுக்கு டிபரன்ஷலில இருந்து பின்சில்லுக்குப் போற ரெண்டு ஹாப் சாப்டையும் கழட்டி, ஸ்பிளைன் (நுனியில இருக்கிற பல்லு) முறுகியிருக்கோ எண்டு பாருங்கோ. டீசலின்ர இழுவைக்கு மைனரில முதல்ல உடையிறது அதுதான். முன்பக்கத்தில ஸ்பிரிங் வேலை செய்யிற டோர்ஷன் பாரையும் ஒருக்கா ஏத்த வேண்டிவரும், எஞ்சின் பாரம்.

மைனர்65:
ஒரு சாப்ட் முறுகித்தான் கிடக்கு மாமா. 3.73காரருக்கு வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டன்.