மருத்துவம், நர்சிங், பார்மசி உதவித்தொகை: நீலகிரியில் எங்கே சிக்குகிறது, எப்படி அவிழ்ப்பது?

பந்தலூர், இ-சேவை மையம்:

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளே கூட்டம் வந்துவிடும். "சாதிச் சான்று இருக்கு, வருமானச் சான்று மட்டும் போதும்" என்பார்கள். எடுத்துக் காட்டினால் லேமினேட் செய்த பழைய கையெழுத்து அட்டை. அது செல்லாது என்பதல்ல. ஆனால் உதவித்தொகை விண்ணப்பம் இப்போது யூமிஸ் (கல்லூரி மாணவர் விவரங்களுக்கான மாநில அரசின் இணையதளம்) தளத்தில். அங்கே சான்றிதழ் எண்ணைத் தட்டினால் விவரம் தானாக வந்து நிற்க வேண்டும். பழைய அட்டைக்கு அந்த எண்ணே கிடையாது. டிஜிட்டல் சான்று புதிதாக எடுத்தே ஆக வேண்டும், ஒவ்வொன்றுக்கும் 60 ரூபாய். இ-சேவையில் அவற்றின் குறியீட்டு எண்கள்: சாதி ஆர்இவி-101, இருப்பிடம் 102, வருமானம் 103, முதல் பட்டதாரி 104.

எல்லாவற்றையும் ஒரே நாளில் போட்டாலும் ஒரே நாளில் வராது. பி.சி., எம்.பி.சி. சான்றுக்குத் துணை வட்டாட்சியர் கையெழுத்து, எஸ்.சி.க்கு வட்டாட்சியர், எஸ்.டி.க்குக் கோட்டாட்சியர். மேலே போகப் போக விசாரணையும் நீளும். அதனால் எஸ்.டி. பிள்ளைகள் பதினொன்றாம் வகுப்பிலேயே போட்டுவிடுங்கள். வருமானச் சான்று ஓர் ஆண்டுதான் செல்லும், அதைக் கடைசியில் எடுத்தால் போதும்.

கேன் நம்பர் (இ-சேவையில் ஒவ்வொருவருக்கும் தரும் பதிவு எண்) பதியும்போது தரும் செல்போன் எண்ணை மாற்றாதீர்கள். ஓடிபி அதற்குத்தான் போகும். அக்கம்பக்கத்தார் எண்ணைக் கொடுத்துவிட்டு, அடுத்த வருடம் அவரைத் தேடி எருமாடுக்கும் அய்யன்கொல்லிக்கும் அலைகிறவர்கள் உண்டு.

கூடலூர், பழங்குடி மாணவர் உதவிக் குழு:

அண்ணன் சொன்ன எஸ்.டி. விசாரணையில்தான் நம் மாவட்டத்துப் பிள்ளைகள் அதிகம் மாட்டுகிறார்கள். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆறு பேருமே எஸ்.டி. பட்டியலில் உண்டு, அதில் சந்தேகமில்லை. தாள்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை என்பதுதான் தொல்லை. பள்ளி மாற்றுச் சான்றில் 'பெட்ட குறும்பர்', 'முள்ளு குறும்பர்' என்று எழுதியிருக்கும். அரசுப் பட்டியலில் இருப்பது 'குறும்பாஸ் (நீலகிரி மாவட்டம்)'. ஆதாரில் அப்பா பெயர் ஒரு மாதிரி, ரேஷன் கார்டில் வேறு மாதிரி. ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) இதைப் பார்த்ததும் மனுவைத் திருப்பிவிடுகிறார்.

செய்ய வேண்டியது: முதலில் ஆதாரைப் பள்ளிச் சான்றின்படி திருத்துங்கள். பிறகு அப்பாவுக்கோ, உடன்பிறந்தவருக்கோ, பெரியப்பா சித்தப்பா வீட்டிலோ ஏற்கெனவே வழங்கிய எஸ்.டி. சான்றின் நகலை இணையுங்கள். ரத்த உறவின் சான்று ஒன்று இருந்தால் விசாரணை பாதியாகக் குறைகிறது. அதுவும் இல்லாத குடும்பம் என்றால், விசாரணைக்கு வரும் நாளில் ஊர் மூத்தவர்கள் வீட்டில் இருக்கட்டும். எல்லோரும் காபி தோட்டத்துக்குக் கூலிக்குப் போய்விட்டால் 'நேரில் இல்லை' என்று எழுதி மூடிவிடுவார்கள்.

பிரிவு-17 நிலத்தில் (கூடலூர் ஜென்ம நிலச் சட்டத்தின் அந்தப் பிரிவில் வரும், உரிமை தீராத நிலம்) குடியிருப்பவர்களிடம் பட்டா கேட்டு நிற்க வைப்பதும் நடக்கிறது. இருப்பிடத்துக்குப் பட்டா ஒன்றுதான் ஆதாரம் என்றில்லை. ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, பிள்ளையின் பள்ளிச் சான்று மூன்றையும் சேர்த்து வையுங்கள். அதற்கு மேலும் இழுத்தால் ஊட்டியில் பழங்குடியினர் நலத் திட்ட அலுவலருக்கு எழுத்தில் மனு கொடுங்கள், நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சுக்கு அங்கே பதிவு கிடையாது.

குன்னூர், தோட்டத் தொழிற்சங்கம்:

வருமானம் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. எஸ்.சி., எஸ்.டி., பி.சி., எம்.பி.சி. எல்லோருக்குமே போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்போருக்கான) உதவித்தொகைக்குக் குடும்ப வருமான வரம்பு ஆண்டுக்கு 2.5 லட்சம். தோட்டக் கூலிக்கு இது தாராளம் என்று நினைப்போம். கணக்குப் போட்டுப் பாருங்கள். நாள் கூலி 425 என்று வைத்துக்கொள்வோம். மாதம் 25 நாள் என்றால் 10,625. வருடத்துக்கு 1,27,500. அப்பாவும் அம்மாவும் இலை பறித்தால் 2,55,000. ஐயாயிரம் ரூபாயில் தகுதி போச்சு.

வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்) இப்படிப் பெருக்கித்தான் எழுதுவார், அவரிடம் வேறு ஆதாரம் இல்லை. ஆனால் எந்தத் தொழிலாளிக்கும் வருடம் முழுக்க 25 நாள் வேலை கிடைப்பதில்லை. மார்கழி, தையில் உறைபனி அடித்துத் தளிர் கருகினால் வேலை நாள் குறையும், தற்காலிகத் தொழிலாளிக்குச் சுத்தமாக இருக்காது. ஆகவே எஸ்டேட் ஆபீசில் கடந்த 12 மாதத்துக்கான சம்பளப் பட்டியலை, மாதவாரியாக வேலை நாளும் தொகையும் போட்டு, மேனேஜர் முத்திரையோடு வாங்குங்கள். கையில் வந்த தொகை அல்ல, பி.எஃப். பிடித்தத்துக்கு முந்தைய மொத்தத் தொகை அதில் இருக்க வேண்டும். விண்ணப்பத்தோடு அதைப் பதிவேற்றிவிட்டால் வி.ஏ.ஓ. பெருக்க வேண்டிய வேலையே இல்லை. குறைத்துக் காட்டச் சொல்லவில்லை, உள்ளதைக் காட்டச் சொல்கிறேன்.

சிறு விவசாயிகளுக்கும் இதேதான். பச்சைத் தேயிலை விற்ற தொகை முழுவதும் வருமானம் அல்ல. பறிப்புக் கூலி, உரம், மருந்துச் செலவு போக மிஞ்சுவதுதான் வருமானம். ஃபேக்டரி தரும் மாதாந்திர ரசீதையும் செலவு ரசீதையும் ஒரே கவரில் போட்டு வையுங்கள்.

டான்டீயில் (அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) இருக்கும் தாயகம் திரும்பியோர் குடும்பங்களுக்கு வருமானத்தைவிடச் சாதிச் சான்றுதான் முள். பாட்டன் இலங்கையிலிருந்து கொண்டுவந்த தாளில் சாதி இருக்காது. திருச்சி, புதுக்கோட்டைப் பக்கம் பங்காளிகள் இருந்தால் அவர்கள் சான்றின் நகலும், பெற்றோர் இங்கே படித்த பள்ளியின் மாற்றுச் சான்றும் கைகொடுக்கும்.

கோத்தகிரி:

சார், நாங்கள் படுகர், பி.சி. அப்பா கூட்டுறவு ஃபேக்டரியில் வேலை, வருமானம் 3 லட்சத்துக்கு மேல். தங்கைக்கு எதுவுமே கிடைக்காதா?

ஊட்டி, கல்லூரி உதவித்தொகைப் பிரிவு:

கிடைக்கும் தம்பி. முதல் பட்டதாரி சலுகைக்குச் சாதியும் இல்லை, வருமான வரம்பும் இல்லை. வீட்டில் தாத்தா பாட்டி, பெற்றோர், உடன்பிறந்தோர் யாரும் பட்டம் வாங்கியிருக்கக் கூடாது. நீங்கள் டிகிரி முடித்திருந்தால் தங்கைக்கு இல்லை. பட்டயப் படிப்பு மட்டும் என்றால் தடையில்லை. ஆனால் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் சீட் வாங்கியிருக்க வேண்டும். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்துவிட்டு 104 சான்றைக் கொண்டுவந்து நீட்டுகிறார்கள், நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது. அட்மிஷனுக்கு முன்பணம் கட்டும் முன்பே இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது எந்தப் பள்ளியில் படித்தார்கள் என்பது. இரண்டு விதிகளைக் குழப்பிக்கொள்கிறார்கள்.

மருத்துவம், பல் மருத்துவம், சித்தா, ஓமியோபதியில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020 சட்டப்படி வந்தது. ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளி. பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியும் அரசுப் பள்ளிதான். இந்த ஒதுக்கீட்டில் சீட் கிடைத்தால், தனியார் கல்லூரியானாலும் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் அரசே கட்டும். அரசு உதவிபெறும் பள்ளி இதில் சேராது.

மாணவிகளுக்கான புதுமைப்பெண், மாணவர்களுக்கான தமிழ்ப்புதல்வன் திட்டங்கள் வேறு. மாதம் 1,000 ரூபாய். இதற்கும் ஆறு முதல் பன்னிரண்டுதான், ஆனால் உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களையும் 2024-25 முதல் சேர்த்துவிட்டார்கள். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதை வாங்கலாம், ஒன்றை விட்டால்தான் இன்னொன்று என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கூடலூர், பந்தலூர்க்காரர்கள் கவனிக்க: நடுவில் ஒரு வருடம் கேரளத்துச் சுல்தான் பத்தேரியில் படித்திருந்தாலும் இரண்டுமே போய்விடும். சேரம்பாடிப் பக்கம் இது சகஜம், பன்னிரண்டாம் வகுப்பு முடிந்தபிறகுதான் தெரியவருகிறது.

பந்தலூர், இ-சேவை மையம்:

சார், தொகை எவ்வளவு என்று எல்லோரும் கேட்கிறார்கள், அதையும் எழுதிவிடுங்கள்.

ஊட்டி, கல்லூரி உதவித்தொகைப் பிரிவு:

கட்டாயக் கட்டணம் போக, பராமரிப்புப் படி. எஸ்.சி. திட்டத்தில் எம்.பி.பி.எஸ். முதல் பிரிவு: விடுதியில் இருந்தால் ஆண்டுக்கு 13,500, வீட்டிலிருந்து வந்தால் 7,000. நர்சிங், பார்மசி இரண்டாம் பிரிவு: 9,500, 6,500. எஸ்.டி. திட்டத்தில் மாதக் கணக்கு: விடுதிக்கு முதல் பிரிவு 1,200, இரண்டாம் பிரிவு 820. இலவசச் சாப்பாடும் தங்குமிடமும் உள்ள அரசு விடுதி என்றால் அதில் மூன்றில் ஒரு பங்குதான் வரும். பணம் குறைந்துவிட்டது என்று சண்டைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இந்தக் கணக்கில்தான் இருப்பார்கள்.

எஸ்.சி. பிள்ளைகளுக்கு இன்னொன்று. மத்திய அரசின் 60 சதவீதப் பங்கு மாணவர் கணக்குக்கே நேராக வருகிறது, அதுவும் மாநிலம் தன் 40 சதவீதத்தைத் தந்த பிறகு. ஆகவே இரண்டு தவணையாக, இடைவெளி விட்டு வரும். வருவதில் கல்லூரிக் கட்டணமும் கலந்திருக்கும். வீட்டில் நகை மீட்க எடுத்துவிட்டால் மறு வருடம் ஹால் டிக்கெட் சமயத்தில் கல்லூரி பாக்கியைக் கேட்கும்.

கூடலூர், பழங்குடி மாணவர் உதவிக் குழு:

வங்கிக் கணக்கைப் பற்றி நான் சொல்கிறேன். பணம் ஃபார்மில் எழுதிய கணக்குக்குப் போகாது, ஆதாரோடு கடைசியாக இணைத்த கணக்குக்குத்தான் போகும். போஸ்ட் ஆபீசில் புதுக் கணக்கு திறந்தபோது இணைப்பு அங்கே மாறியிருக்கும், பிள்ளை பழைய பாஸ்புக்கையே பதித்துப் பார்த்துக்கொண்டிருக்கும். *99*99*1# அடித்து ஆதார் எண்ணைக் கொடுத்தால் எந்த வங்கி என்று காட்டும், நெட் வேண்டாம்.

17 வயதில் திறந்த மைனர் கணக்கை 18 ஆனதும் வங்கியில் கே.ஒய்.சி. கொடுத்து மாற்றுங்கள். முழு ஆவணமில்லாமல் திறந்த சிறு கணக்கில் வருடத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல் வரவு ஏறாது. தனியார் நர்சிங் கல்லூரிக் கட்டணம் சேர்ந்து வந்தால் அந்த வரம்பில் முட்டி நிற்கும்.

கோத்தகிரி:

ஒரு வருடம் ஃபெயிலானால் உதவித்தொகை நின்றுவிடுமா சார்?

ஊட்டி, கல்லூரி உதவித்தொகைப் பிரிவு:

எம்.பி.பி.எஸ். போன்ற முதல் பிரிவுப் படிப்பில் முதல் தடவை தோற்றால் புதுப்பிக்கலாம். இரண்டாவது தடவை தோற்றால் அடுத்த வகுப்புக்குப் போகும்வரை சொந்தச் செலவு. ஹவுஸ் சர்ஜன் (பயிற்சி மருத்துவர்) வருடத்தில் ஸ்டைபண்ட் வாங்குவதால் உதவித்தொகை வராது, அந்த வருடம் புதுப்பிக்க விண்ணப்பம் போட வேண்டாம்.