ஓட்டில் 1865 என்று இருந்தால் வீடும் அந்த ஆண்டில் கட்டியதா?

கேள்வி:
காரைக்குடிக்கு அருகே ஒரு சிற்றூரில், முகப்பு, நடுமுற்றமுள்ள வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என முன்தெருவில் தொடங்கிப் பின்தெருவில் முடியும் பங்கு வீடு ஒன்று எங்களுக்கு இருக்கிறது. இரண்டாம் கட்டில் ஒழுகிய இடத்தில் ஓடுகளைக் கழற்றியபோது, சிலவற்றின் அடியில் பாசல் மிஷன் என்ற பெயரும் 1865 என்ற ஆண்டும் பதிந்திருக்கக் கண்டோம். அதைக் கண்டதும் முகப்பில் ஆண்டைப் பொறித்துக் கல் பதிக்கவே பங்காளிகள் கிளம்பிவிட்டார்கள். பத்திரம் எதுவும் கைவசம் இல்லாத நிலையில் இந்த ஆண்டை நம்பலாமா?

மறுமொழி 1:
நம்ப வேண்டாம். மங்களூரில் பாசல் மிஷன் என்ற சுவிஸ் கிறித்துவ அமைப்பு ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டுதான் 1865. பிறகு பல காலம் வார்த்த ஓடுகளிலும் அதையே முத்திரையாகப் பதித்தார்கள். மங்களூர்ப் பக்கத்து இன்னொரு ஆலையான ஆல்புகர்க்கின் ஓட்டில் காணப்படும் 1868-உம் அப்படிப்பட்டதே. முதல் உலகப் போரை ஒட்டி மிஷனின் ஆலைகள் காமன்வெல்த் டிரஸ்ட் என்ற நிறுவனத்துக்குக் கைமாறியதால் அந்தப் பெயருள்ள ஓடுகள் அதற்குப் பிந்தியவை என்று உறுதியாகச் சொல்லலாம். தவிர, குரங்கு குதித்தாலே மாற்ற வேண்டிய பொருள் ஓடு. அதைக் கொண்டு வீட்டின் வயதைக் கணிப்பது சட்டையைப் பார்த்து ஆளின் வயதைச் சொல்வது போலத்தான்.

மறுமொழி 2:
ஓட்டை விட்டுவிட்டுத் தரையையும் உத்திரத்தையும் பாருங்கள். இந்தப் பக்கத்து வீடுகளில் தரைக்குப் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் என்பது கண்ணாடியின் மேல் வண்ணச் சாந்தை ஊற்றி, அதன் பின்னே மணலும் சிமெண்டும் இட்டு வார்ப்பது, சூளையில் சுடுவதில்லை. ஆகவே அது சிமெண்ட் புழக்கத்துக்கு வந்த பிறகு போட்ட தளம். இரும்பு உத்திரம் இருந்தால் அதன் நடுத்தகட்டில் டார்மன் லாங் போன்ற இங்கிலாந்து ஆலைகளின் பெயர் புடைத்து நிற்கலாம். வண்ணப்பூச்சைச் சுரண்டினால் எழுத்து தெரியும். டார்மன் லாங் தொடங்கியதே 1875-இல்தான். சுவர்ப்பூச்சு மட்டும் இதற்கு உதவாது. சுண்ணாம்பு, கடுக்காய், முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து இழைத்த பூச்சைத் தலைமுறை தலைமுறையாக ஒரே பக்குவத்தில்தான் செய்தார்கள்.

மறுமொழி 3:
முழு வீட்டுக்கும் ஒரே ஆண்டைத் தேடுவதுதான் பிழை என்பது என் கருத்து. மணமான ஒவ்வொரு புள்ளிக்கும் (தம்பதிக்கும்) அறை ஒதுக்க வேண்டியிருந்ததால் வளவைச் சுற்றியும் பின்கட்டிலும் இடம் தேவைப்பட்டுக்கொண்டே இருந்தது. பர்மாவில் கொண்டுவிற்று, அதாவது வட்டித்தொழிலும் வணிகமும் செய்து, வந்த பணத்தில் முகப்பையும் பட்டாலை என்ற கூடத்தையும் பிற்பாடு பெரிதாக்கியவர்கள் உண்டு. 1930-களின் பொருளாதார மந்தமும் 1942-இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் அந்த வரவை முறித்தன. வளவுச் சுவரும் முகப்புச் சுவரும் சேரும் மூலையில் செங்கல் ஒன்றுக்குள் ஒன்று பல்லாகக் கோத்திருக்கிறதா, வெறுமனே ஒட்டி நிற்கிறதா என்று பாருங்கள். ஒட்டி நின்றால் அவை இரண்டும் ஒரே காலத்தவை அல்ல.

கேட்டவர்:
பார்த்துவிட்டோம். முகப்புச் சுவர் ஒட்டித்தான் நிற்கிறது. இடுக்கில் விரல் நுழைகிறது, உள்ளே வளவுச் சுவரின் பழைய வெள்ளைப் பூச்சு அப்படியே இருக்கிறது. கல் பதிக்கும் வேலையை நிறுத்திவைத்திருக்கிறோம்.